யாருக்கான பாதை? ஹந்தானையில் தொடங்கும் நடைவழியும் தோட்டத்துக் குறுக்குகளும்

கண்டிப் பெரியாஸ்பத்திரியை அண்டி மேலே ஏறுகிறது ஹந்தானை வீதி. முதலில் நெருக்கமான வீடுகள், பிறகு பைனஸ் மரங்கள், அதற்கு மேல் தேயிலை. நகரிலிருந்து 3 மைல் தூரத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நான்கு மாடிகளோடு நிற்கிறது. 1925இல் கட்டப்பட்ட இத்தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து பல வருடங்களின் பின்னர், 2001இல் அது தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இன்று இவ்விடத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 'பீக்கோ ட்ரெயில்' என்னும் நெடுந்தூர நடைவழி இங்கேதான் தொடங்குகிறது. கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஹப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி வந்து நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், மொத்தத் தூரம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நாளில் நடந்து முடிக்கலாம். பல கட்டங்களில் சைக்கிளிலும் செல்லலாம். இலங்கையில் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் ஸ்பானியரான மிகேல் குனாட் என்பவரின் எண்ணத்தில் உருவான இத்திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எயிட்டும் கைகொடுத்தன.

பழைய பாதைகளை மூடவிடாமல் காப்பதும், அவற்றின் வழியே நாலு பேருக்குப் பிழைப்புத் தேடிக் கொடுப்பதும் நல்ல காரியமே. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பாதைகளில் தினமும் நடப்பவர்கள் யார்? அவர்களது நடைக்கு இத்திட்டத்தில் என்ன இடம்? இந்தக் கேள்விகளை இப்போதே கேட்டாக வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உதவிய நிறுவனங்களில் ஒன்றான யு.எஸ்.எயிட் 2025இல் மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பாதைகளையும் அறுத்தன. அறுந்தவற்றுள் எதை முதலில் திருத்துவது என்பதைத் தீர்மானிக்கும்போது, பாதை யாருக்கானது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறோம்.

நடந்தே வந்த சமூகம்

மலையகத் தமிழரின் வரலாறு ஒரு நடையோடுதான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எமது மூதாதையர், காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்தார்கள். பசி, கொலரா, காய்ச்சல், காட்டு மிருகங்கள் ஆகியவற்றால் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை.

அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஒரு நடைபவனி நிகழ்ந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் சேர்ந்து நடத்திய 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் வடபகுதித் தமிழரும் வழிநெடுக அதில் சேர்ந்து நடந்தார்கள். காணியுரிமை, நியாயமான சம்பளம், சமமான பிரஜைகளாக நடத்தப்படுதல் என்பனவே அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள்.

மலைக்கு வந்த பிறகும் நடை ஓயவில்லை. காட்டை வெட்டியவர்களே பாதையையும் வெட்டினார்கள். கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் சென்ற கரத்தை றோட்டுகள் எல்லாம் அவர்களது மண்வெட்டியால் ஆனவை. இன்று நடைவழி என்று பெயர்பெற்றிருக்கும் தடங்களில் பெரும்பகுதி அவையே.

நடைவழியின் இரண்டாம் கட்டம் முடியும் லூல்கந்துரவையே எடுத்துக் கொள்வோம். ஸ்கொட்லாந்து இளைஞர் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கையை ஆரம்பித்தது அங்கேதான். 1892இல் அவர் அத்தோட்டத்திலேயே இறந்தபோது, தொழிலாளர் 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றிச் சுமந்து பெட்டியைக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. காலையில் புறப்பட்டவர்கள் வந்து சேரப் பிற்பகல் நாலு மணியாயிற்றாம். கண்டி மஹியாவ மயானத்தில் டெயிலரின் கல்லறையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுமந்து வந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் காணோம். நடைவழியில் வைக்கப்படும் தகவல் பலகைகள் இந்தக் குறையை ஓரளவாவது தீர்க்கலாம். எந்தத் தோட்டத்தை எந்தத் துரை திறந்தார் என்பதோடு, அந்தப் பாதையை வெட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்தக் கோயிலைக் கட்டினார்கள், எந்தப் போராட்டத்தை நடத்தினார்கள் என்பதையும் எழுதலாம். தமிழிலும் எழுதலாம்.

ஒரு கோடும் ஒரு வலையும்

வெளியூரிலிருந்து வருபவருக்கு நடைவழி என்பது ஒரு கோடு. ஹந்தானையில் ஏறிக் கலஹாவில் இறங்குவார். தோட்டத்தில் வாழ்பவருக்கோ பாதை என்பது ஒரு வலை. லயத்திலிருந்து மலைக்கு ஒரு வழி, கொழுந்து மடுவத்துக்கு ஒரு வழி, பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு வழி, பாடசாலைக்கு ஒன்று, கடைக்கும் பஸ்ஸுக்கும் ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு ஒன்று. கோட்டை மட்டும் செப்பனிட்டால் வலை கிழிந்தபடியே கிடக்கும். பிரதான தடத்தில் மரப்படியும் வழிகாட்டிக் கம்பமும் இருக்கும். அதிலிருந்து 200 யார் தள்ளி, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்கில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு இருக்கும்.

ஒரு பிரதேசம் முழுவதையும் வலையாகவே பார்த்துத் திட்டமிட முடியும் என்பதற்கு வெளியுலகில் உதாரணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பேர்க் மாகாணம் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்த இடம். சுரங்கங்கள் மூடப்பட்ட பின் அங்கே வேலை இல்லை. ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியியலாளர் 1995இல் ஒரு யோசனையைச் செயலாக்கினார். ஏற்கனவே இருந்த சைக்கிள் பாதைகளும் சிறு வீதிகளும் சந்திக்கும் ஒவ்வொரு முடக்குக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டது. சைக்கிளில் செல்பவர் புறப்படுமுன் தாம் செல்லவேண்டிய இலக்கங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டால் போதும். நேரமும் வலுவும் உள்ளவர் தூரமாகச் சுற்றலாம், இல்லாதவர் பாதியில் திரும்பலாம். இம்முறை பின்னர் அந்நாடெங்கும் நெதர்லாந்துக்கும் பரவியது. நடப்பவர்களுக்கும் அவ்வாறே இலக்க வழிகள் அமைந்தன.

இதைக் கேட்கும்போது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இலக்கம் நமக்குப் புதிதல்ல. ஒன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று தோட்டம் முழுவதும் இலக்கமிடப்பட்டே இருக்கிறது. எந்தத் தோட்டத்தில் வழி கேட்டாலும், ஐந்தாம் நம்பருக்குக் கீழே போய், மடுவத்தைத் தாண்டி, கல்லுக்குப் பக்கத்துக் குறுக்கில் ஏறுங்கள் என்றுதான் பதில் வரும். இந்த இலக்கங்களையும் மக்கள் வழங்கும் இடப்பெயர்களையும் அடிப்படையாகக் கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் பாதைகளை இணைத்தால், ஒரு கோட்டுக்குப் பதிலாக ஒரு பிரதேச வலையே கிடைத்துவிடும். வருபவர்களும் ஒரே தடத்தில் குவியாமல் பரவுவார்கள். ஹந்தானை போன்ற இடத்துக்கு இது மிக அவசியம். ஏழு சிகரங்களைக் கொண்ட இத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வறண்ட மாதங்களில் புல்வெளி தீப்பற்றுவதும், விடுமுறை நாட்களில் குப்பை சேர்வதும் இங்கு எல்லோரும் கண்டதே.

கரத்தை றோட்டும் குறுக்குப் பாதையும்

நடப்பவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் ஒரே பாதை பொருந்தாது. இதற்கும் தோட்டத்திலேயே விடை உண்டு. மாடு இழுக்கும் வண்டிக்காக வெட்டப்பட்ட கரத்தை றோட்டுகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து மெல்ல ஏறுபவை. சைக்கிளுக்கு அவை ஏற்றவை. மனிதர்கள் நேரத்தை மிச்சப்படுத்த வளைவுகளுக்கிடையே நேராக ஏறும் குறுக்குகள் நடைக்கு மட்டுமே உரியவை. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் ஆபத்து. செங்குத்தான குறுக்கில் சைக்கிள் இறங்கினால், சில்லு உழுத தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். தலையில் கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டு முதுகில் பாரத்தோடு வரும் பெண், வேகமாக வரும் சைக்கிளுக்கு ஒதுங்க இடமிராது. ஆகவே எது சைக்கிளுக்கு, எது காலுக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டும். பாரம் சுமந்து வருபவருக்கே எங்கும் முதலிடம் என்பதைப் பலகையிலும் எழுத வேண்டும்.

மலைப்பாதையின் முதல் எதிரி தண்ணீர். நூறு அடிக்குப் பத்தடிக்கு மேல் ஏறும் மண்பாதையை மழை அரித்துவிடும் என்பது பாதை போடுபவர்களின் பொதுவான கணக்கு. பாதையின் வெளி விளிம்பைச் சற்றே தாழ்த்தி, நீர் ஓடிச் சேர விடாமல் அங்கங்கே வழிந்துபோகச் செய்ய வேண்டும். நேராக ஏறவேண்டிய இடத்தில் கல் பதித்துப் படி கட்ட வேண்டும். குறுக்குக் கான்களில் சேரும் மண்ணை மழைக்கு முன்பும் பின்பும் அள்ள வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டு நிபுணர் வந்து கற்பிக்க வேண்டிய வித்தையல்ல. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மண்ணைக் காப்பது தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். கல்லடுக்கி அணை கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்ட வேலையில் ஆட்கள் குறைந்துவரும் இக்காலத்தில், அந்தக் கைத்திறனுக்குப் பாதைப் பராமரிப்பு ஒரு கௌரவமான கூலியைத் தரக்கூடும். கான் வெட்டுக்கான கூலி, திட்டம் முடியும் நாள் வரைக்கும் மட்டுமாக இல்லாமல், ஆண்டுதோறும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

அதே சமயம் எல்லாச் சரிவிலும் பாதை போட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வரைபடமாக்கியிருக்கிறது. அந்த வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு படியும் வெட்டக் கூடாது. டித்வா நமக்குக் கற்பித்த பாடம் இது. ஊர் மக்கள் அபாய நேரத்தில் வெளியேறிச் செல்லும் வழியையும் இந்த வலையில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இரவில், மழையில், முதியவரைத் தாங்கிக்கொண்டு நடக்கக்கூடிய பாதை, சுற்றுலாப் பயணிக்கும் நல்ல பாதையாகத்தான் இருக்கும்.

பிறர் வாசல்

தோட்டத்துப் பாதைகள் பல லயத்து வாசலூடாகவே செல்கின்றன. வாசல் என்பது அக்குடும்பத்தின் சமையலறை, முற்றம், திண்ணை எல்லாமே. பீலியில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் கமராவோடு நாலு பேர் அந்த வழியே வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? வரைபடத்தில் ஒரு சிறு கோட்டை அப்பால் நகர்த்துவதால் இது தீரும். ஆனால் எங்கே நகர்த்துவது என்பது அந்தப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். கொழுந்து பறிப்பவர்களைப் படம் பிடிப்பதற்கும் கேட்டுச் செய்யும் பழக்கம் வேண்டும். நிறை பார்த்துச் சம்பளம் வாங்குபவருக்கு நின்று சிரிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான்.

குளவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையகத்தில் குளவிக் கொட்டுக்கு உள்ளாகித் தொழிலாளர்கள் இறப்பது அடிக்கடி பத்திரிகையில் வரும் செய்தி. கூடு எங்கே இருக்கிறது என்பது அந்த மலையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கூடு கட்டிய பகுதியை நடைவழியில் மூடுவதற்கும், அங்கே கொழுந்து பறிப்பதை நிறுத்துவதற்கும் ஒரே அறிவித்தல் போதும். பயணிக்கு எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டுத் தொழிலாளியை அதே மலைக்கு அனுப்புவது நியாயமாகாது.

காசு எங்கே தங்கும்?

நடப்பவர் ஒருவருக்கு வழிகாட்டி வேண்டும், மத்தியானச் சாப்பாடு வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும். இவை மூன்றையும் தோட்ட மக்களால் கொடுக்க முடியும். ரொட்டியும் சம்பலும் தேநீரும் கொடுக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. தங்குமிடம் என்று வரும்போதுதான் பழைய காயம் வலிக்கிறது. உறுதி இல்லாத லயன் அறையை எந்தப் பெயரில் விருந்தினர் இல்லமாகப் பதிவு செய்வது? எதைப் பிணைவைத்து வங்கியில் கடன் கேட்பது? நகரத்தில் முதலீடு உள்ளவர் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கலாம். அந்தப் பங்களாவைத் துடைக்கும் வேலை மட்டும் லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்கலாம். ஆகவே நடைவழியின் பொருளாதாரம் பற்றிப் பேசுபவர்கள் காணியுரிமை பற்றியும் பேசியே ஆகவேண்டும்.

அதுவரை கூட்டாகச் செய்யக்கூடியவை உண்டு. மாதர் சங்கங்களோ இளைஞர் மன்றங்களோ ஒரு பழைய கட்டடத்தைப் பொதுத் தங்குமிடமாக நடத்தலாம். கம்பளைக்கருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி நடத்தி வருகிறது. உளி, மண்வெட்டி, பிரம்புக் கூடை, பழைய அடையாள அட்டைகள் என்று தொழிலாளர் வாழ்வின் தடயங்கள் அங்கே இடம்பெறத் தக்கவை. ஹந்தானை நூதனசாலையில் தொடங்குபவர்கள் இத்தகைய இடங்களுக்கும் ஒரு கிளைவழியில் வந்து போனால், தேயிலையின் கதையை முழுமையாகக் கேட்டவர்களாவார்கள்.

யார் பொறுப்பு?

பாதைத் திட்டங்கள் சாவது திறப்பு விழாவுக்குப் பிறகுதான். பலகை சாயும், படி உக்கும், கான் தூர்ந்துபோகும். தோட்டத்துப் பாதை உடைந்தால் தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டுவதும், பிரதேச சபை நிர்வாகத்தைக் காட்டுவதும் நாம் பழகிப்போன காட்சி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடங்கொடுக்கவில்லை என்பது நீண்டகால முறைப்பாடு. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென ஒரு புதிய கிராம அபிவிருத்தி அதிகார சபையும் அதே ஆண்டு சட்டமாயிற்று. ஆகவே சட்டம் தடுக்கிறது என்ற பழைய பதிலை இனிமேல் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே இங்கிலாந்தின் அனுபவம் ஒன்று பயன்படும். அந்நாட்டில் 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மக்கள் வழமையாக நடந்துவந்த பாதைகளையெல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் பதியும்படி உள்ளூராட்சி மன்றங்களைப் பணித்தது. ஊர்ச் சபைகள் தம் ஊரின் ஒற்றையடிப் பாதைகளை நடந்து பார்த்துக் குறித்தன. வரைபடத்தில் ஏறிய பாதையை நிலச் சொந்தக்காரர் நினைத்தபடி மூட முடியாது. பெனைன் வழி என்ற அந்நாட்டின் புகழ்பெற்ற நெடும்பாதை திறக்கப்பட்டது அதற்குப் பின்னர்தான், 1965இல். முதலில் ஊராரின் பாதைகள் பதிவாயின, பயணிகளின் பாதை அதன்மேல் எழுந்தது.

அந்தக் கணக்கெடுப்பை நம்மாலும் தொடங்க முடியும். இதற்கு வெளிநாட்டுப் பணம் எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் பெரிய கடதாசியை விரியுங்கள். முதியவர்கள் மூடிப்போன வழிகளைச் சொல்லட்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வழியைக் கோடிடட்டும். கர்ப்பிணித் தாய்மார் எந்த இடத்தில் வாகனம் ஏறுகிறார்கள், நோயாளியை எந்த முடக்கு வரை தூக்கிவர வேண்டியிருக்கிறது என்று பெண்கள் குறிக்கட்டும். டித்வாவில் அறுந்த இடங்களுக்குச் சிவப்பு மை. பிறகு எல்லோருமாக அவ்வழிகளை நடந்து சரிபாருங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அயலவரையும் அழையுங்கள், அவர்களும் அதே குறுக்கில்தான் நடக்கிறார்கள். அந்த வரைபடத்தின் ஒரு பிரதி பிரதேச சபைக்கும், ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கும், ஒன்று நடைவழியை நடத்துபவர்களுக்கும் போகட்டும். ஒன்று தோட்டத்திலேயே இருக்கட்டும்.

ஹந்தானையில் முதல் அடி எடுத்து வைக்கும் பயணி நமக்கு விருந்தாளி. அவரை வரவேற்போம். ஆனால் அவர் ஒரு தடவை நடந்துவிட்டுப் போகும் வழியில், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வருடத்தில் இருநூறு நாள் பாடசாலைக்கு நடக்கிறது. எந்தப் பாதையை முதலில் திருத்துவது என்று கேட்டால், அந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றாமல் நடக்கக்கூடிய பாதையை முதலில் திருத்துங்கள் என்பதே நமது பதில். பயணியும் அதில் தாராளமாக நடக்கலாம்.